வரைபைப் பார்த்து ஏமாறாதிருப்போம்
(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நாம் வரைபுகளைப் பற்றிப் பேசப் போகிறோம். "அது பள்ளிக்கூடப் பிள்ளைங்க பாடமாச்சே, நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். கிளினிக்கில் தரும் பிள்ளையின் பதிவேட்டில் வரைபு இருக்கிறது. சம்பளப் பேச்சு நடக்கும்போது பத்திரிகையிலும் வரைபு வருகிறது. அதை வாசிக்கத் தெரியாவிட்டால் அடுத்தவர் சொல்வதைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கும்.

எண்கள் எல்லாம் ஒரே வகையல்ல. வகைக்கு ஏற்றபடி வரைபைத் தெரிவு செய்ய வேண்டும்.

காலப்போக்கில் ஒன்று எப்படி மாறுகிறது என்று காட்டுவது கோட்டு வரைபு. பிள்ளையின் நிறை வரைபு இந்த வகைதான். இதில் ஒரு மாதத்துப் புள்ளியை மட்டும் பார்த்தால் போதாது. கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். போன மாதமும் எட்டு கிலோ, இந்த மாதமும் எட்டு கிலோ என்றால், "நிறை குறையலையே" என்று சும்மா இருக்கக் கூடாது. வளர வேண்டிய பிள்ளைக்குக் கோடு படுத்துவிட்டால் அதுவே எச்சரிக்கை. கோடு கீழே இறங்கினால் உடனே மிட்வைப் அம்மாவிடம் காட்ட வேண்டும்.

வெவ்வேறானவற்றை ஒப்பிட்டுப் பார்க்கச் சலாகை வரைபு நல்லது. மூன்று டிவிசன்களில் எடுத்த கொழுந்தை மூன்று சலாகைகளாகக் காட்டலாம். ஆனால் ஒரு டிவிசனில் ஆட்கள் அதிகமென்றால் அதன் சலாகை உயரமாகத்தான் இருக்கும். ஆளுக்கு எத்தனை கிலோ என்று போட்டால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

ஒரு முழுத்தொகை எப்படிப் பங்காகிறது என்று காட்டுவது வட்ட வரைபு. மாதச் சம்பளத்தில் அரிசி, மாவுக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு என்று வட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். கடன் துண்டு எவ்வளவு பெரிதென்று வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்.

இனி, ஏமாறும் இடங்களைப் பார்ப்போம். 2021 மார்ச்சில் நமது நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. இந்த இரண்டையும் சலாகையாக வரையும்போது அளவைப் பூச்சியத்தில் தொடங்காமல் 900இல் தொடங்கினால், இரண்டாவது சலாகை முதலாவதைப் போல் நாலரை மடங்கு உயரமாகத் தெரியும். "அடேயப்பா, எவ்வளவு கூடிப்போச்சு!" என்று தோன்றும். உண்மையில் கூடியது நூற்றுக்கு 35 வீதம்தான்.

விலைவாசியைப் பாருங்கள். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். அதாவது ஒரே வருடத்தில் விலைகள் அவ்வளவு ஏறின. 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதமாக இறங்கியது. இதைக் கோட்டு வரைபாகப் போட்டால் கோடு மளமளவென்று கீழே இறங்கும். அதனால் சாமான் மலிந்துவிட்டதா? இல்லை. அந்தக் கோடு காட்டுவது விலையையல்ல, விலை ஏறும் வேகத்தை. வேகம்தான் குறைந்தது, ஏறின விலை ஏறினபடியே நின்றது. கடைக்குப் போன நமக்கு அது தெரியும்.

ஆகவே எந்த வரைபைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்போம். இது எதை அளக்கிறது, ரூபாவையா, கிலோவையா, வீதத்தையா? அளவு எங்கே தொடங்குகிறது? இந்த எண்களுக்கு இந்த வரைபு பொருத்தமா?

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பதிவேட்டை எடுத்து அந்தக் கோட்டைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டி, தாத்தாவுக்கும் விரலை வைத்துக் காட்டுங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் அவர்கள்தானே.