மீன்பாசி ஏலமும் ஏரித் தண்ணீரும்



ஏரியில் மீன் செத்து மிதந்தால், "எவன் மருந்து ஊத்தினான்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். ஊற்றுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பல ஏரிகளில் மீனைக் கொல்வது பின்னிரவு நேரம்தான். சாக்கடை கலந்து பாசி பிடித்த தண்ணீரில், பகலில் வெயில் பட்டுப் பாசி பிராணவாயுவை வெளிவிடும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி அதை உறிஞ்ச ஆரம்பிக்கும். அடியில் மட்கும் சேறும் பங்குக்கு வரும். விடியற்காலை நாலு மணிக்குக் கட்லா மேலே வந்து வாயைப் பிளக்கும். நம் கெண்டை இனங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயு இருந்தால் கவலையில்லை. சோதிக்க வருகிறவரோ பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்து பாட்டிலை முக்குகிறார். அந்த வெயிலில் அளவு பிரமாதமாக இருக்கும்! சிரிக்காதீர்கள், அந்தக் காகிதத்தை வைத்துத்தான் ஏரி நன்றாயிருக்கிறது என்று எழுதுகிறார்கள்.

கரையும் மதகும் ஒரு துறை, மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசிக் குத்தகை இன்னொரு துறை, தண்ணீரின் தரம் வேறொரு வாரியம். ஒரே ஏரிக்கு மூன்று கோப்பு. ஒரு கோப்பில் இருப்பது மற்றதற்குத் தெரியாது.

துறைகள் சேர்ந்து உட்கார்ந்த ஓர் ஏரியைச் சொல்கிறேன். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரை ஒட்டி மெண்டோட்டா என்றோர் ஏரி. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். சாண உரத்திலுள்ள பாஸ்பரஸ் மழையோடு வந்து இறங்கும். கோடையில் பாசி பச்சைப்பசேல் என்று படியும். 1987இல் அங்கே பல்கலைக்கழகத்தாரும் மாநில இயற்கை வளத்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பிற மீனைத் தின்று வாழும் பெரிய மீன்களின் குஞ்சுகளை ஏராளமாக விட்டார்கள். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும்; சின்ன மீன் குறைந்தால் டாப்னியா என்ற தண்ணீர்த் தெள்ளு பெருகும்; தெள்ளு பாசியை மேயும். இதுதான் கணக்கு. அந்த ஆண்டுக் கடும் வெயிலில், தெள்ளைத் தின்னும் மீன்கள் பெருவாரியாகச் செத்ததும் கைகொடுத்தது என்பதை மறைக்கக் கூடாது. தண்ணீர் தெளிந்தது. 2009இல் வெளிநாட்டு முள்வால் தெள்ளு அங்கே பெருகி டாப்னியாவைத் தின்றது. ஏரி மறுபடி மங்கியது. பாஸ்பரஸ் உள்ளே வருவது நிற்காதவரை மீனை மட்டும் நம்ப முடியாது.

ஆகவே, விரால் விட்டால் நம் ஏரி சுத்தமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நம் வெயில் வேறு, கோடையில் வற்றுகிற நம் ஏரி வேறு. ஆனால் எந்த மீனை, எவ்வளவு விடுகிறோம் என்பது தண்ணீரை மாற்றும். கட்லா தெள்ளைத் தின்னும். சாதாக் கெண்டை அடிச்சேற்றைக் கிளறி, படிந்த சத்தை மேலே கொண்டுவந்து பாசிக்குக் கொடுக்கும். ஏலம் எடுத்தவர் இதையெல்லாம் பார்ப்பாரா? எடை கூடுமா என்று பார்ப்பார். போட்ட பணத்தை எடுக்கக் கோழிக் கழிவைக் கொட்டுகிறவர்கள் உண்டு. மதகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு மீனை அள்ளுகிறவர்களும் உண்டு. அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அதிகம் கேட்டவருக்கே ஏரி என்று மணி அடித்தவர்கள் நாம்தானே?

ஜூலை 1 அன்று புதுப் பசலி, அதாவது புது வருவாய் ஆண்டு, பிறக்கிறது. அதற்குள் குத்தகைப் பத்திரத்தில் சில வரிகள் ஏற வேண்டும். மீனுக்காக மதகு திறக்கக் கூடாது. கோழிக் கழிவு, பச்சைச் சாணம் கூடாது. என்ன குஞ்சு, எத்தனை என்பதை ஆயக்கட்டுக்காரர்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். தண்ணீர்ச் சோதனை விடிவதற்கு முன் நடக்க வேண்டும். குத்தகைதாரர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். சாக்கடை வந்து விழுந்தால் அவருக்குக் குத்தகைப் பணத்தில் தள்ளுபடி தர வேண்டும். அப்போது சாக்கடையைப் பற்றி முதலில் புகார் கொடுப்பவர் அவராகத்தான் இருப்பார்.

இவற்றைக் கேட்கும் மனு மேடைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் ஆயக்கட்டு நிலத்தின் சர்வே எண்ணையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அதைக் காரணம் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.