80 வாட் சார்ஜர் போட்டும் ஏன் ஏறல?



அண்ணனோட 80 வாட் சார்ஜர்ல ஒருநாள் அம்மாவோட போனைப் போட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா பாதிகூட ஏறல. "போன் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும் போல"ன்னாங்க அம்மா. ஆனா குறை போன்ல இல்ல. உங்க வீட்டிலும் இப்படி நடந்திருக்கலாம். காசு செலவழிக்கும் முன்னாடி மூன்று விஷயங்களைப் பாருங்க.

முதலில், சார்ஜர். அதன் மேல் 'அவுட்புட்' என்று பொடி எழுத்தில் இருக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 9 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 27 வாட்.

இரண்டாவது, வேக சார்ஜிங் முறை. சார்ஜர் தன்னால் எவ்வளவு தர முடியும்னு சொல்லும். போன் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். இதற்குப் பொதுவான முறை 'யூஎஸ்பி பவர் டெலிவரி', சுருக்கமாக பி.டி. சில நிறுவனங்கள் தங்களுக்கென தனி முறை வைத்திருக்கின்றன. போனுக்கும் சார்ஜருக்கும் முறை ஒத்துப்போகலைன்னா மெதுவாத்தான் ஏறும். அண்ணன் சார்ஜர்ல நடந்தது இதுதான். இன்னொரு பயமும் வேண்டாம்: தரமான 65 வாட் பி.டி. சார்ஜரைப் போட்டாலும், போன் கேட்கிற அளவுதான் உள்ளே போகும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காத கேபிள். இரு முனையும் டைப்-சி என்றாலும் எல்லாக் கேபிளும் ஒன்றல்ல. சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரைதான். 20 வோல்ட்டில் அது 60 வாட். 5 ஆம்பியர் போகணும்னா கேபிளுக்குள்ளேயே ஒரு சிறு சிப் இருக்கணும். அது இல்லாமல் 100 வாட் லேப்டாப் சார்ஜர் வாங்கியும் பயனில்லை. வாங்கும்போது கேபிளில் 60, 100, 240 வாட் என எது போட்டிருக்குன்னு பாருங்க.

வேகத்தைவிட முக்கியம் பாதுகாப்பு. இந்தியாவில் விற்கப்படும் மொபைல் சார்ஜருக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடாதீங்க, 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணைத் தேடுங்க. அதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும். பில் கேட்டு வாங்குங்க. ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

அம்மா புது போன் வாங்கல. அவங்க போனுக்கு ஏத்த சார்ஜரும் கேபிளும்தான் வாங்கினோம். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க சார்ஜரைக் கையில் எடுத்து, அந்தப் பொடி எழுத்தை ஒருமுறை படிச்சுப் பாருங்க.