குமிழியும் காவலும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா என்றால் பாட்டும் கூத்தும் நாடகமும் நிறைந்திருக்கும். அவற்றுக்கிடையே குழந்தை நலத்தைப் பற்றிய அண்மைக்கால ஆராய்ச்சிகள் குறித்துச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் மருத்துவன் அல்லன். பொறியியல் கற்றவனும் அல்லன். மெட்ரிகுலேஷன் வரை படித்து, ரயில்வே அலுவலகம் ஒன்றில் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆயினும் கணக்கு எழுதுபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்களைக் கண்டால் இரு முறை கூட்டிப் பார்க்காமல் அவன் கையெழுத்திட மாட்டான். அந்தப் பழக்கத்தை மட்டுமே துணையாகக் கொண்டு, பொறியியல், மருத்துவம், குழந்தை நலம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய ஓர் ஆராய்ச்சியைப் பற்றி உங்களிடம் கூற விழைகிறேன்.

நிமோனியா என்னும் நோயை நீங்கள் அறிவீர்கள். சளிக் காய்ச்சல் என்று தொடங்கி, நுரையீரலைப் பற்றிக்கொண்டு, குழந்தையை மூச்சுத் திணற வைக்கும் நோய் அது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 7 லட்சத்து 40 ஆயிரம் பேர் இந்நோயால் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நம் ரயில் வண்டி ஒன்றில் ஆயிரம் பேர் செல்வதாக வைத்துக்கொண்டால், 740 வண்டிகள் நிறையக் குழந்தைகள்! எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது.

நம் அண்டை நாடாகிய வங்காள தேசத்தில் சில்ஹெட் என்னும் நகரம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டில் அந்நகரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முகம்மது ஜோபாயர் சிஸ்தி என்னும் இளைஞர் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். முதல் நாள் இரவிலேயே மூன்று குழந்தைகள் நிமோனியாவால் அவர் கண்ணெதிரே உயிர் நீத்தன. ஒன்றும் செய்ய இயலாமல் அவர் அழுதார். இக்குழந்தைகளைக் காக்க ஏதேனும் செய்தே தீர்வேன் என்று அன்று உறுதி பூண்டார்.

பின்னாளில் அவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு மேற்பயிற்சிக்குச் சென்றார். அங்கே, மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு நீர்க்குமிழியின் துணையால் நுரையீரலில் அழுத்தம் தரும் கருவியைக் கண்டார். பிறந்த சிசுக்களுக்குத் தொடர் அழுத்தம் தந்து காக்கும் முறையை அமெரிக்காவில் ஜார்ஜ் கிரிகரி என்னும் மருத்துவர் 1971ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். குமிழிக் கருவி அந்த வழியில் வந்தது. தாய்நாடு திரும்பிய சிஸ்தி, டாக்காவில் ஒரு நாள் தூக்கி எறியப்பட்ட ஷாம்பு சீசா ஒன்றைக் கண்டார். அதற்குள் சிறிதளவு மிச்சமிருந்த ஷாம்பு நுரையும் குமிழியுமாக இருந்தது. விலையுயர்ந்த இயந்திரம் செய்யும் வேலையை இந்தச் சீசாவே செய்யாதா என்று அவர் உள்ளத்தில் ஒரு பொறி தட்டியது.

அக்கருவி வேலை செய்யும் விதத்தைச் சுருங்கச் சொல்கிறேன். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உள்ளன. நிமோனியா கண்ட குழந்தை மூச்சை வெளிவிடும்போது இவற்றுள் பல சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பலூனை முதன்முதலாக ஊத எவ்வளவு சிரமம் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சிரமத்தை அக்குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் படுகிறது. படப் படக் களைத்துப் போகிறது. இப்போது, குழந்தையின் மூக்கில் சிறு குழாய் பொருத்திப் பிராண வாயுவைச் செலுத்துகிறார்கள். வெளிவரும் மூச்சு செல்லும் குழாயின் நுனியை, நீர் நிரம்பிய சீசாவுக்குள் அமிழ்த்தி வைக்கிறார்கள். மூச்சு வெளியேற வேண்டுமானால் அந்த நீரைத் தள்ளிக்கொண்டு குமிழியிட்டுத்தான் வெளியேற வேண்டும். நீரின் எதிர்ப்பினால் நுரையீரலில் சிறிது அழுத்தம் எப்போதும் தங்குகிறது. காற்றறைகள் ஒட்டாமல் விரிந்தே இருக்கின்றன. குழாய் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்ந்திருக்கிறதோ, அதுவே அழுத்தத்தின் அளவு. மீட்டரும் வேண்டாம், மின்சாரப் பொறியும் வேண்டாம். சீசாவும் நீரும் ஓர் அளவுகோலும் போதும். மூச்சுப்பொறி இயந்திரம் ஒன்றின் விலை 15,000 டாலர் அளவில் இருக்க, இச்சீசாக் கருவிக்கு ஆன செலவு ஒன்றேகால் டாலர்தான்.

மலிவாக இருப்பதனால் மட்டும் ஒன்று சிறந்ததாகி விடாது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். 2011 ஆகஸ்டு முதல் 2013 ஜூலை வரை டாக்கா மருத்துவமனையில் சிஸ்தியும் அவர் தோழர்களும் ஒரு சோதனை நடத்தினர். கடும் நிமோனியாவும் இரத்தத்தில் பிராண வாயுக் குறைவும் உடைய, ஐந்து வயதுக்கு உட்பட்ட 225 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினர். வழக்கமான முறையில் பிராண வாயு பெற்ற 67 குழந்தைகளில் 10 பேர் இறந்தனர். மிகுந்த வேகத்தில் பிராண வாயு பெற்ற 79 பேரில் 10 பேர் இறந்தனர். குமிழிச் சீசா பொருத்தப்பட்ட 79 பேரில் இறந்தவர்கள் 3 பேர்தாம். நூற்றுக்கு என்று கணக்கிட்டால், வழக்கமான முறையில் 15, சீசா முறையில் 4. வழக்கமான முறையில் இறப்பு மிகுதியாக இருப்பதைக் கண்ட மேற்பார்வைக் குழுவினர், சோதனையை முன்னதாகவே நிறுத்திவிடச் சொல்லினர். 2015ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் இம்முடிவு வெளியாகி, உலகமே வியந்தது.

அன்பர்களே! இவ்விடத்தில் கைதட்டி முடித்துக்கொண்டால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் கணக்கன் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டியவன்.

ஆப்பிரிக்காவில் மலாவி என்றொரு சிறிய நாடு உள்ளது. அங்கே சலீமா மாவட்ட மருத்துவமனையில் 2015 முதல் 2018 வரை மற்றொரு சோதனை நடந்தது. கருவி ஷாம்பு சீசா அன்று. தொழிற்சாலையில் செய்யப்பட்ட நல்ல கருவி. தத்துவம் அதே குமிழித் தத்துவம். கடும் நிமோனியாவோடு பிராண வாயுக் குறைவோ, ஊட்டக் குறைவோ, எச்.ஐ.வி. பாதிப்போ உடைய 644 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். வழக்கமான பிராண வாயு பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேர் இறந்தனர். குமிழிக் கருவி பெற்றவர்களில் நூற்றுக்கு 17 பேர் இறந்தனர்! டாக்காவில் உயிர் காத்த அதே தத்துவம் இங்கே காக்கவில்லை; மாறாக, இறப்பு மிகுந்தது.

ஏன் இப்படி? ஒரே காரணத்தைக் காட்டி முடித்துவிட இயலாது. மலாவிக் குழந்தைகள் பலருக்கு வேறு நோய்களும் இருந்தன. ஆனால் ஒரு வேற்றுமையை ஆராய்ச்சியாளரே முன்னிறுத்துகின்றனர். டாக்காவில் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் செவிலியரும் அருகிலிருந்து கவனித்தனர். சலீமாவின் குழந்தைகள் வார்டில் மருத்துவரின் அன்றாட மேற்பார்வை இல்லை. மூக்குக் குழாய் நழுவலாம், சளியால் அடைபடலாம், காற்று வயிற்றுக்குள் சென்று வயிறு உப்பலாம், குழந்தை வாந்தியெடுத்து அது மூச்சுக் குழலில் இறங்கலாம். இவற்றை உடனே காணும் கண் அருகில் இருந்தாக வேண்டும். குமிழி எழுகிறதா என்று பார்ப்பது எளிது. குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே அரிது.

இதை நம் தொழிலைக் கொண்டு நோக்கினால் தெளிவாக விளங்கும். தண்டவாளம் நல்ல எஃகால் ஆனது. அடியில் உறுதியான ஸ்லீப்பர். முறைப்படி முடுக்கிய பொருத்துகள். அப்படியிருந்தும் நாள்தோறும் கீமேன் ஒருவர், வெயிலானாலும் மழையானாலும், சுத்தியலைத் தோளில் சுமந்து தம் பகுதி முழுவதும் நடக்கிறார். தளர்ந்த சாவியை அடித்து இறுக்குகிறார். அவர் நடப்பதை எந்தப் பயணியும் காண்பதில்லை. அவர் நடக்காத நாளில்தான் அவருடைய அருமை தெரியும். எஃகு வண்டியைத் தாங்குகிறது. காவல் எஃகைத் தாங்குகிறது. மருத்துவக் கருவிக்கும் இதே நியதிதான்.

காவல் என்றால் பெரும் படிப்புப் படித்தவர் மட்டுமே செய்யக் கூடியது என்று எண்ணிவிட வேண்டாம். இதற்குச் சான்று நாம் குடியேறி வாழும் இந்த வங்க மண்ணிலேயே இருக்கிறது. சியால்தாவில் வண்டி ஏறினால் எல்லையோரத்தில் போன்காவ் என்னும் ஊர் வரும். 1971ஆம் ஆண்டுப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து வந்தனர், காலரா பரவியது. இரத்தக் குழாய் வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோகும் நிலை. குழந்தை மருத்துவரான திலீப் மஹலானபிஸ், சர்க்கரையும் உப்பும் சோடா உப்பும் அளவாகக் கலந்து, பொட்டலங்களாகக் கட்டி, நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் நோயாளியின் அருகில் இருந்த தாய்மாரும் உறவினருமே! அவர்கள் இரவும் பகலும் வாயருகே கோப்பையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். முகாமில் நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு, 4க்கும் கீழே இறங்கியது. சிஸ்தி பணியாற்றும் டாக்கா ஆராய்ச்சி நிலையத்தில்தான் 1968ஆம் ஆண்டில் இவ்வுப்புக் கரைசல் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது என்பதும் நினைவுகூரத் தக்கது. மஹலானபிஸ் 2022ஆம் ஆண்டில் மறைந்தார்; மறு ஆண்டு நம் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்துப் போற்றியது.

ஆகவே, எளிய கருவியும் எளிய மருந்தும் உயிரைக் காக்கும்; ஆனால் அவற்றின் அருகில் விழித்திருக்கும் ஒருவர் வேண்டும். இதுவே நான் கூற வந்த கருத்து.

இந்தக் கருத்து நமக்கு, நம் காலனிக்கு, என்ன சொல்கிறது? நாம் ஊரைவிட்டு வந்தவர்கள். ஊரில் குழந்தை இருமினால் பாட்டி ஓடி வருவாள், அத்தை வருவாள், எதிர்வீட்டு ஆச்சி வருவாள். இங்கே இளந்தாய் ஒருத்தி குழந்தையோடு தனித்திருக்கிறாள். கணவர் இரவுப் பணியில் லைனுக்குச் சென்றிருப்பார். எந்தக் குறியைக் கண்டு அஞ்ச வேண்டும், எப்போது புறப்பட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அந்தத் தாய்க்கு நாம் மூன்று செய்திகளையாவது கற்றுத் தர வேண்டும்.

முதலாவது, மூச்சை எண்ணுதல். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி குழிந்தாலும், குழந்தை முனகினாலும், பால் குடிக்க இயலாமல் போனாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் விழிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அப்போதே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கஷாயமும் தைலமும் கொடுத்துக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த இரவைக் கழிக்கலாகாது.

இரண்டாவது, தடுப்பூசி. நிமோனியாவின் முக்கியக் காரணமான நியுமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி, நம் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் 2017ஆம் ஆண்டு தொடங்கி, 2021ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் விரிவடைந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை. விடுமுறைக்கு ஊர் செல்லும் அவசரத்தில் தவணை தவறிப்போவது நம்மவரிடையே உண்டு. தடுப்பூசி அட்டை பயணச்சீட்டோடு சேர்ந்தே பெட்டியில் இருக்கட்டும், ஊரிலும் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, உப்புக் கரைசல். பொட்டலத்தின் மேல் எவ்வளவு நீர் என்று அச்சிட்டிருக்கிறதோ, அவ்வளவு நீரில்தான் கலக்க வேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்குச் சிறிது சிறிதாக, விடாமல் கொடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். நான் சொன்ன சீசாக் கதையைக் கேட்டு, எவரும் வீட்டில் குழாயும் சீசாவும் பொருத்தி முயலக் கூடாது. அது மருத்துவமனையில், பிராண வாயுவோடு, பயின்றவர் கண்ணெதிரே செய்யும் சிகிச்சை. மலாவியின் எண்களை மறவாதீர்கள்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாதர் பிரிவினர் மாதம் ஒரு முறை இளந்தாய்மாரைக் கூட்டி, மூச்சு எண்ணும் முறையைப் பழக்கித் தரலாம். ஒவ்வொரு வரிசைக் குவார்ட்டர்ஸிலும், நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து உடன் வருவோம் என்று இரண்டு வீட்டார் முன்வந்து பெயர் கொடுக்கலாம். இதற்கு நன்கொடை வேண்டாம், கட்டடம் வேண்டாம். கீமேன் நாள்தோறும் நடப்பதைப் போல, யாரும் காணாத ஒரு காவல் நம் காலனியில் நடந்துகொண்டே இருக்கட்டும். தமிழ் வளர்க்கத் தொடங்கிய சங்கம், தமிழ் பேசப் போகும் குழந்தைகளையும் காத்தது என்ற பெயர் பெறட்டும்.