அன்னபூரணி சென்ற வழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இளைஞர் சார்பில் ஏதேனும் பேசு என்று செயலாளர் அண்ணன் பணித்தபோது, 'கல்வியின் பயன்' என்று எழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கம் எழுதியதும் எனக்கே நித்திரை வந்தது, கிழித்துவிட்டேன். ஆகவே இன்று ஒரு கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். பொறுத்தருள வேண்டும்.

நான் படித்தது மிஷன் பாடசாலையில். என் ஆங்கிலமும் கணக்கும் அங்குள்ள ஆசிரியர்கள் இட்ட பிச்சை. ஆறாம் வகுப்பிலே கொலம்பசின் மூன்று கப்பல்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்தேன். இன்றைக்கும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் நமது வடகரையிலே, வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ஒரு பாய்க்கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்கா சேர்ந்தது என்பதை எனக்கு இருபது வயதாகும்வரை எவரும் சொல்லவில்லை. விடுமுறைக்கு அவ்வூரிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் என் படிப்பை விசாரித்துவிட்டு, "தம்பி, கொலம்பஸ் போன கடலிலை எங்கடை ஆக்களும் போனவை, தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கப்பலின் பெயர் அன்னபூரணி அம்மாள். வல்வெட்டித்துறை ஓடாவிமார் வேப்பமரத்தால் இழைத்தது. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். அதனை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர். அவரும் சாமானியர் அல்லர். 32 அடி நீளமே உள்ள 'ஸ்வாப்' என்ற படகில் 1928 தொடக்கம் 1931 வரை உலகத்தையே சுற்றிவந்தவர். உலகக் கடல்களையெல்லாம் கண்ட மனிதர் நம்மவர் கட்டிய கப்பலைக் கண்டு ஆசைப்பட்டார் என்பதே நமக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம்.

1937 பெப்ரவரியிலே கப்பல் வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்டது. தண்டையல், கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. உடன் சென்ற நம்மூர் மாலுமிகளை ஒரு கை விரல்களிலே எண்ணிவிடலாம். ஏடன், சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்றால்ரர், பேர்முடா. 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தார்கள். பதினேழு மாதங்கள்!

இவ்வழியை நாம் வரைபடத்தில் ஒரு கோடாக இழுத்துவிடுகிறோம். காற்று அப்படி இழுக்க விடாது. வாடைக்காற்று வீசும் காலத்தில் அரபிக்கடலை மேற்கு நோக்கிக் கடக்கலாம். சோழகம் கிளம்பிவிட்டாலோ காற்று முகத்தில் அறையும். செங்கடலின் வடபாதியிலே ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வரும். இரு கரையிலும் பவளப்பாறை. குறுக்குச் சட்டத்தில் கட்டிய பாய், எதிர்க்காற்றிலே நெருங்கிப் போக மறுக்கும். வலமும் இடமுமாகச் சாய்த்துச் சாய்த்து, நாள் முழுதும் உழைத்துச் சில மைல் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லாரும் கயிற்றில் நிற்க வேண்டும். ஆள் குறைந்த கப்பலிலே நித்திரை யாருக்கு? ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அவன் முறையை மற்றவன் பார்க்க வேண்டும். சண்டை பிடித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்கு ஒரு தெருக்கூட இல்லை. (நமது செயற்குழு கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போகிறவர்கள் இதைச் சற்றே கவனிக்க வேண்டும்.)

ஒரு விஷயந்தான் எனக்கு உறுத்துகிறது. கப்பலின் பெயரை மாற்றிவிட்டார்கள். 'புளோறன்ஸ் சி. றொபின்சன்', அது அந்தக் கனவானுடைய மனைவியின் பெயர். வாங்கியவர் பெயரிடுவது அவருடைய உரிமை. அவரை நான் குறைகூறவில்லை. ஆனால் இங்கிலாந்திலே ஹாட்டில்பூல் என்னும் ஊரில் ஒரு பழைய போர்க்கப்பல் இன்றும் நீரில் நிற்கிறது. 1817இல் பம்பாயிலே தேக்குமரத்தால் கட்டப்பட்டது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'திருகோணமலை'. நம் ஊர்ப்பெயர் தாங்கிய கப்பலை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நம் தெய்வத்தின் பெயர் தாங்கிய கப்பலை நாம் பாடசாலைக்குள்ளும் வரவிடவில்லை, இந்தச் சங்கத்துக்குள்ளும் இதுவரை வரவிடவில்லை.

பெரியோர்களில் சிலர், கடல் கடப்பது நமக்கு ஆகாதென்று சாஸ்திரம் சொல்கிறதே என்பீர்கள். போதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைக் குற்றங்களோடு சேர்த்து எண்ணுவது உண்மைதான். ஆனால் வல்வெட்டித்துறைச் சிவன் கோயிலைக் கட்டியவர் கப்பல் உடையவர். கடலிலே தேடிய பொருள் அங்கே கர்ப்பக்கிருகமாக நிற்கிறது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பெண்ணோடு கடற்பயணம் வழக்கமில்லை என்கிறது தொல்காப்பியம். 2024 ஒக்டோபர் 2ஆம் திகதி கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்ப்படகில் இந்தியக் கடற்படையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் புறப்பட்டார்கள். ஒருவர் கோழிக்கோட்டுத் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. ஒருவர் உறங்க ஒருவர் விழித்திருந்து, ஹோர்ன் முனையையும் சுற்றி, உலகை வலம்வந்து 2025 மே 29இல் கோவா திரும்பினார்கள். தொல்காப்பியர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இனி என் வெட்கத்தைச் சொல்ல வேண்டும். என் வீட்டிலிருந்து கடலுக்குப் பத்து நிமிட நடை. எனக்கு நீந்தத் தெரியாது. 2004 மார்கழி 26இல் கடல் ஏறிவந்தபோது நான் கைக்குழந்தை. அன்று மாமாவின் மகள் போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலே கடற்கரைக்குப் போய் வந்தவன் காலில் மணல் இருக்கக்கூடாது. அம்மா பார்த்தால் அழுவார். இந்த மண்டபத்தில் எத்தனை வீடுகளில் இதே கதை! அந்தப் பயத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் நீந்தத் தெரியாத பிள்ளையைக் கடல் தேடி வரும் நாளிலே அந்தப் பயம் காப்பாற்றுமா?

ஆகையால் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். விளையாட்டுக்கென்று ஒதுக்கும் பணத்திலே ஒரு பங்கை நீச்சல் பழக்குவதற்கு ஒதுக்குங்கள். சித்திரையிலிருந்து நம் கடல் குளம்போலக் கிடக்கும். உட்துறைமுகமோ அதிலும் அமைதி. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் வேறு வேறு நேரம் வைக்கலாம். பழக்குவதற்கு நம் மீனவ அண்ணன்மாரைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். பட்டியல் எழுதும்போது முதலாவதாக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இப்போது கேட்டிருப்பார்.