சைக்கிளை உடலுக்கு இசைத்தல்

(கிராமக் கூட்டுறவு சங்க அங்கத்தினர்களின் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட வருபவன் இன்று சைக்கிளைப் பற்றிப் பேச எழுந்ததைக் கண்டு சிலர் வியப்படையலாம். ஆயினும் இதுவும் சங்கத்தின் கணக்கைச் சேர்ந்த விஷயமே. சைக்கிள் வாங்கக் கடன் பெற்றவருடைய வண்டி ஓடினால் பால் வியாபாரம் நடக்கும், தவணையும் வரும். அது திண்ணையோரம் சாய்ந்து கிடந்தால் தவணையும் அதனுடன் சாய்ந்து கிடக்கும்.

சில மாதங்களுக்கு முன் வேறோர் ஊரில் ஓர் அங்கத்தினர் மூன்று தவணை பாக்கி வைத்திருந்தார். நாணயமானவர்; காலையில் ஆறு மைல் சென்று பால் கொடுத்து வந்தவர். காரணம் வினவினேன். "ஐயா, முழங்காலின் முன்பக்கம் பொறுக்க முடியாமல் நோகிறது. எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டேன். வண்டியை விற்றுக் கடனைத் தீர்த்துவிடலாமென்று இருக்கிறேன்" என்றார். அவரைச் சிறிது தூரம் ஓட்டிக் காட்டும்படி கேட்டேன். பெடல் அடியில் இறங்கிய நிலையிலும் அவருடைய முழங்கால் பாதி மடங்கியே இருந்தது. வண்டி வாங்கிய நாளில், இரு பாதமும் தரையில் படியுமாறு கடைக்காரர் ஸீட்டைத் தாழ்த்தி வைத்தாராம். நான்கு வருஷமாக ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒரு ஸ்பானரை வாங்கி ஸீட்டை உயர்த்தினோம். செலவு ஒரு காசுமில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவே: உடலை வண்டிக்கு இசைக்கலாகாது, வண்டியையே உடலுக்கு இசைக்க வேண்டும். இது புதிய கொள்கையன்று. முன்னாளில் இங்கிலாந்தில் ஓடிய உயர்சக்கர வண்டியில் பெடல் முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஆகையால் ஓட்டுபவரின் கால் நீளத்துக்குத் தக்க அளவிலேயே சக்கரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 1885-ஆம் வருஷம் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் கவென்ட்ரி நகரில் செய்த 'ரோவர்' வண்டியில், சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரம் காலின் நீளத்திலிருந்து விடுதலை பெற்றது. இன்று நாம் ஓட்டும் வண்டி அதன் வழிவந்ததே. இதில் சக்கரத்தை மாற்ற வேண்டுவதில்லை. ஸீட்டையும் கைப்பிடியையும் நகர்த்தினாலே போதும். அந்தச் சௌகரியத்தை உபயோகியாமலிருப்பது நம் குற்றமேயன்றி வண்டியின் குற்றமன்று.

நிற்க. செய்யும் முறையைக் கூறுகிறேன்.

முதலாவது, ஸீட்டின் உயரம். வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, வழக்கமாக அணியும் செருப்புடன் ஏறி அமருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மீது குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல், கால் நேராக நீண்டு பெடலைத் தொட வேண்டும். பிறகு, ஓட்டும்போது பெருவிரலின் அடியிலுள்ள மேடான பாகத்தால் பெடலை மிதித்தால், முழங்கால் தானே சிறிது மடங்கி நிற்கும். அந்தச் சிறு மடிப்பே நமக்கு வேண்டியது. ஸீட் தண்டை எவ்வளவு உயர்த்தினாலும் இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்க வேண்டும். தண்டில் எல்லைக்கோடு போட்டிருந்தால் அது வெளியே தெரியலாகாது. தெரியுமளவு உயர்த்தினால் தண்டு முறிந்து ஆபத்து நேரும்.

இங்கே என் பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். தாழ்வு தீதென்று அறிந்தவுடன் என் ஸீட்டை ஒரேயடியாக உயர்த்திவிட்டேன். ஒரு வாரத்தில் முழங்காலின் பின்பக்கம் நோவு கண்டது. இடுப்பும் இருபுறமும் அசைந்தது. கால் அங்குலம் கால் அங்குலமாக மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்ப்பதே உத்தமம்.

இரண்டாவது, ஸீட்டின் மட்டம். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் முன்னுக்குச் சரியும். பாரமெல்லாம் கையில் இறங்கி உள்ளங்கை மரத்துப்போகும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் உட்காரும் இடம் நோகும். ஆகையால் தரைக்கு ஒப்ப மட்டமாக வையுங்கள். பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க, முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து கொத்தனாரின் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால், நூல் பெடலின் அச்சருகே விழ வேண்டும். அதற்குத் தக்கபடி ஸீட்டை முன்னோ பின்னோ நகர்த்துக.

மூன்றாவது, கைப்பிடி. சௌகரியத்தை நாடுவோர்க்கு அது ஸீட்டின் மட்டத்திலோ சற்று மேலோ இருப்பது நலம். முழங்கை சிறிது மடங்கியிருக்க வேண்டும். விறைத்திருந்தால் பள்ளத்தின் அதிர்ச்சி தோளுக்கு ஏறும். நம் பழைய மாதிரி வண்டிகளில் நடுவிலுள்ள போல்ட்டை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்தி, மேலே மரக்கட்டை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டினால் உள்ளேயுள்ள ஆப்பு விடும். கைப்பிடியிலும் தண்டு போதிய அளவு உள்ளே இருக்க வேண்டும். மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று: கம்பிப் பிரேக் உள்ள வண்டியில் கைப்பிடியை உயர்த்தினால் கம்பியும் மேலே இழுபட்டு, பிரேக் கட்டை சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும்; தாழ்த்தினால் பிரேக் பிடிக்காமற் போகும். ஆகையால் கம்பியின் இணைப்பையும் திருத்தி, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பிடித்துக் கைப்பிடியைத் திருகிப் பார்த்து, அது அசையவில்லையென்று கண்ட பிறகே ஏறுங்கள்.

"ஸீட் உயர்ந்தால் கால் தரையில் எட்டாதே" என்று கேட்பீர்கள். நிறுத்தும்போது ஸீட்டிலிருந்து முன்னே இறங்கி நிற்கப் பழகினால் அச்சமில்லை. ஆனால் பால் கேனோ மூட்டையோ ஏற்றுபவர் அரை அங்குலம் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. பாரத்துடன் விழுவதைக் காட்டிலும் அது மேல். இவ்வளவும் செய்த பின்னும் நோவு நீங்காவிடில் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

ஒரே வண்டியைத் தகப்பனாரும் மகனும் மகளும் ஓட்டும் வீடுகள் பல. ஸீட் தண்டில் ஒவ்வொருவர் உயரத்துக்கும் வர்ணத்தால் ஒரு கோடு இட்டுவைத்தால் மாற்றுவது எளிது. தமிழ்நாட்டில் அரசாங்கத்தார் மாணவ மாணவியர்க்கு விலையின்றி அளித்த சைக்கிள்கள் பெரும்பாலும் ஒரே அளவில் வருவன. பெறும் பிள்ளைகளோ ஒரே உயரத்தினர் அல்லர். புதுக்கோட்டை ஜில்லாவில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஏராளமான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். அதனால் சந்தைக்கும் வேலைக்கும் பிறர் துணையின்றிச் சென்றனர். அத்தகைய சுதந்தரம் ஒரு தளர்ந்த போல்ட்டினாலும் தாழ்ந்த ஸீட்டினாலும் நம் பெண்மக்களுக்குக் குறைந்துபோகலாமா?

ஆகையால் ஒரு யோசனை கூறி முடிக்கிறேன். ஒவ்வொருவரும் ஸ்பானர் வாங்க வேண்டுவதில்லை. சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து ஒரு ஸ்பானர் தொகுதி, ஒரு சுத்தி, ஓர் எண்ணெய்க் குப்பி, ஒரு காற்றடிக்கும் பம்பு வாங்கிச் சங்கக் கட்டிடத்தில் வைக்கலாம். மாதக் கூட்டத்தன்று இளைஞர் இருவர் அரை மணி நேரம் முன்னதாக வந்து, வருகிற வண்டிகளைப் பார்த்துத் திருத்தித் தரலாம். தனித்தனியே செய்யாததைக் கூடிச் செய்வதுதானே கூட்டுறவு?

முன் சொன்ன அங்கத்தினர் இப்பொழுது மறுபடியும் பால் கொண்டு செல்கிறார். வண்டியை விற்கவில்லை. மூன்று தவணையில் இரண்டைச் செலுத்திவிட்டார். மூன்றாவதைக் கேட்கவே அடுத்த வாரம் அவ்வூருக்குச் செல்கிறேன். நானும் சைக்கிளில்தான் செல்கிறேன்.