நம் நிறுவனங்களின் முகம்

(பங்கின் பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

கோயிலுக்குப் பொன்விழா என்றால் அதன் நிழலில் வளர்ந்த பள்ளிக்கூடத்துக்கும் விழாதான். அங்கே ஆசிரியரை நியமிப்பது நம் நிர்வாகம். மானியம் பெறும் பணியிடங்களுக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். இந்த ஏற்பாட்டில் நம் கத்தோலிக்க அடையாளத்தைக் காப்பது எப்படி? இதுவே எனக்குத் தரப்பட்ட பொருள்.

நம் உரிமைக்கு ஆணிவேர் அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு. சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்த அது உரிமை தருகிறது. 1974-ல் அகமதாபாத் புனித சவேரியார் கல்லூரி வழக்கில், ஆசிரியரை நீக்குவதற்குத் துணைவேந்தரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே நீதிமன்றம் 1958-ல், கேரளக் கல்வி மசோதா பற்றிக் கூறிய கருத்தையும் நாம் மறக்கலாகாது. நிர்வகிக்கும் உரிமையில் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்பதே அது.

காலத்துக்கேற்ப அரசின் கொள்கையும் மாறுகிறது. துறவறத்தார் தங்கள் சபைக்கே ஒப்படைத்துவிடும் வருமானத்துக்கு வரிவிலக்கு அளிக்கும் சுற்றறிக்கை 1944-லேயே வந்தது. அதைச் சுட்டிக்காட்டி, மானியப் பள்ளிகளில் பணிபுரியும் குருக்கள், கன்னியரின் சம்பளத்தில் வரி பிடிக்கலாகாது என்று வாதாடினோம். 2024 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாம் ஏழ்மை வார்த்தைப்பாட்டைக் காண்கிற இடத்தில் சட்டம் சம்பளம் வாங்கும் ஓர் ஊழியரைக் காண்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் தீர்ப்பு வந்தது. 2025 செப்டம்பர் 1-ல், ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்கில், இரு நீதிபதிகள் அத்தீர்ப்பின்மீதே ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராய வேண்டுமெனத் தலைமை நீதிபதிக்கு அனுப்பினர்.

ஆகவே, தீர்ப்புகளை மட்டும் நம்பி நாம் கண்ணுறங்க முடியாது. சட்டம் வேலி, பயிர் வளர்ப்பது நம் பொறுப்பு. மூன்று காரியங்களைச் சொல்லி அமர்கிறேன்.

முதலாவது, தேர்வு. கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்கள் சரியான போதனையிலும் நேர்மையான வாழ்விலும் சிறந்து விளங்க வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 803-ஆம் எண். ஓர் ஆசிரியர் பதவிக்கு எங்கேனும் நன்கொடை என்ற பெயரில் பணம் கைமாறுமானால், அது வேலியே பயிரை மேய்ந்த கதை. அங்கே நம் அடையாளத்தைப் பறித்தது அரசாங்கம் என்று சொல்ல வாயிராது.

இரண்டாவது, கூலி. அதே தொகுப்பின் 1286-ஆம் எண், தொழிலாளர் சட்டங்களை நுணுக்கமாகக் கடைப்பிடிக்கவும், ஊழியரும் அவர் குடும்பமும் தக்கவாறு வாழ நியாயமான ஊதியம் தரவும் கட்டளையிடுகிறது. மானியமில்லாத வகுப்புகளின் ஆசிரியைக்கும், ஆயாவுக்கும், காவற்காரருக்கும் சம்பளம் தருவது நாமே. அந்தச் சம்பளப் பதிவேட்டை ஆண்டவர் திருமுன் திறந்து வைக்க நம்மால் முடியுமா? நம் விசுவாசத்தை அறிய ஒருவர் முதலில் புரட்ட வேண்டிய ஏடு அதுதான்.

மூன்றாவது, மரியாதை. மாணவரின், அவர் சிறுவராயின் பெற்றோரின், சம்மதமின்றி மறைக்கல்வியைக் கட்டாயமாக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. இது நமக்குத் தடையன்று. நம்மிடம் பணியாற்றும் இந்து, இஸ்லாமிய ஆசிரியர்களும் நம் நீதியையும் அன்பையும் கண்டு, "இது கிறிஸ்தவப் பள்ளி" என்று தாமாகச் சொல்லட்டும்.

உரிமைக்காக நீதிமன்றம் செல்ல வேண்டிய நாளில் தயங்காமல் செல்வோம். செல்லும்போது நம் கைகள் சுத்தமாக இருக்கட்டும். பொன்விழாக் காணும் இப்பங்கையும் இதன் நிறுவனங்களையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!