ஆவணத்தை விற்றால் யாருக்கு இலாபம்?

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

மக்களிடமிருந்து திரட்டிய ஆவணங்களை விற்றால் அரசுக்கு இலாபம் கிடைக்கும் என்னும் வாதம் புதிதன்று. 2018-19ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை இதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது. அரசிடமுள்ள தரவுகளில் ஒரு பகுதியைக் கட்டணம் பெற்றுத் தனியாருக்கு வழங்கினால் கருவூலத்தின் சுமை குறையும் என்று அது கூறியது. இவ்வாதத்தை முழக்கத்தால் மறுப்பதைவிட, அரசின் சொந்தக் கணக்கைக் கொண்டே சோதிப்பது நன்று.

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘வாகன்’, ‘சாரதி’ தரவுத்தளங்களில் 2019இல் ஏறத்தாழ 25 கோடி வாகனப் பதிவுகளும் 15 கோடி ஓட்டுநர் உரிமப் பதிவுகளும் இருந்தன. அவ்வாண்டு மார்ச் மாதம் அறிவிக்கப்பட்ட கொள்கை, இவற்றை மொத்தமாகப் பெற விரும்பும் வணிக நிறுவனத்திற்கு 3 கோடி ரூபாய் என ஆண்டுக் கட்டணம் நிர்ணயித்தது. 87 தனியார் நிறுவனங்களும் 32 அரசு அமைப்புகளும் தரவுகளை அணுகும் வசதி பெற்றன என்றும், 65 கோடி ரூபாய் வருவாய் கிட்டியது என்றும் ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி மாநிலங்களவையில் தெரிவித்தார். அதாவது, ஒரு பதிவிற்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல்! ஒரு குவளைத் தேநீரின் விலைகூட இல்லை.

சரக்குந்து ஓட்டுநரும் ஆட்டோத் தொழிலாளியும் தம் பெயரையும் முகவரியையும் விருப்பத்தால் அளிக்கவில்லை. சட்டம் கேட்டது, அளித்தனர். அந்த விற்பனைக்கு அவர்களின் இசைவு பெறப்படவில்லை, வருவாயிலும் பங்கில்லை. தனியுரிமை குறித்த அச்சங்கள் எழுந்ததால் 2020இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. கொள்கையைத் திரும்பப் பெறலாம். படியெடுத்துச் சென்ற தரவை எவ்வாறு திரும்பப் பெறுவது?

இங்கேதான் இக்கணக்கின் சூது உள்ளது. ஆலையை விற்றால் ஆலை கைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரியும். ஆவணத்தை விற்றாலோ மூலப்படி அரசிடமே இருக்கும். எதையும் இழக்காமல் பணம் வந்ததுபோல் தோன்றும். மக்களின் நம்பிக்கையும் பாதுகாப்பும் எந்த வரவு-செலவு ஏட்டிலும் இழப்பாக எழுதப்படுவதில்லை. வரவு அரசுக்கு, ஆதாயம் நிறுவனத்துக்கு, இடர் முழுவதும் உழைப்பாளிக்கு.

இதே முயற்சி 2022 ஆகஸ்டில் இரயில்வே வழியாக வந்தது. பயணிகளின் தரவுகளைப் பணமாக்கும் வழிகளை ஆராய ஆலோசகரைத் தேடி ஐஆர்சிடிசி ஒப்பந்தப்புள்ளி கோரியது. எதிர்பார்த்த வருவாய் 1,000 கோடி ரூபாய். தனியுரிமை அடிப்படை உரிமை என ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு 2017இலேயே தீர்ப்பளித்திருந்தது. எதிர்ப்பு வலுத்தது, சில நாள்களிலேயே ஒப்பந்தப்புள்ளி திரும்பப் பெறப்பட்டது.

அவ்வாறெனில் அரசின் ஆவணங்கள் அனைத்தும் பூட்டி வைக்கப்பட வேண்டுமா? இல்லை. நிதி எங்கே செலவாயிற்று, பயனாளிகள் யார் என்பவற்றை அறிவது மக்களின் உரிமை. ஆயினும் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் என்னும் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவிலிருந்த பொதுநலன் சார்ந்த விதிவிலக்கை நீக்கியது. விலை கொடுப்போருக்குத் திறந்த கதவு, கேள்வி கேட்போருக்கு மூடப்படுகிறது.

தோழர்களே! ஓட்டுநர் சங்கங்களிலும் இரயில்வே தொழிலாளரிடையிலும் அந்த ஒன்றரை ரூபாய்க் கணக்கைக் கொண்டுசெல்லுங்கள். மக்களின் ஆவணம் மக்களின் உடைமை. அதனை விற்கும் அதிகாரம் எவருக்கும் அளிக்கப்படவில்லை என்பதை உரக்கச் சொல்லுங்கள்.